கனகசபேசன் சாவை விசாரித்த ஆறு நாட்கள்

“இருந்த இருப்பில கத வாசிக்கதுக்கு ஒரு சம்பளமா? வாயுள்ள பொம்பளைக்கெல்லாம் அப்படிக் குடுக்கத் தொடங்கினா அந்த வெள்ளக்காரி எத்தன நாளு தாங்குவா?”

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் அத்தை செல்லத்தாய் கேட்டது இது. அத்தை கேட்டதில் தவறில்லை. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் உட்கார்ந்து சம்பாதித்ததில்லை. அப்பா பனையேறி. அம்மா கருப்பட்டி காய்ச்சுவாள். எழுத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தெரிந்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். ஏழாம் வகுப்புத் தேறியவள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்படக் கூடாது என்று யாராவது நினைத்தால் அவர்கள் ஒருநாள் பனையேறிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

புதுக்கடைக்குப் பக்கத்தில் இருந்த லேஸ் பின்னும் கூடத்தில் பன்னிரண்டு வருஷம் வாசிப்புக்காரியாக வேலை பார்த்தேன். போன மாதம் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. கூடத்துக்கு ஒரு கிராமபோன் பெட்டி வந்துவிட்டது. அதற்குத் தொண்டை கட்டாது, இருமல் வராது, சாப்பாட்டு மணியும் வேண்டாம். வழியனுப்பிய அன்று, புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்கள். “எக்கா, அந்தக் கனகசபேசன் சாவாம இருந்திருக்க முடியாதா? இங்க உள்ள பழைய ஆளுங்களெல்லாம் அதுல உங்களுக்கும் பங்கு உண்டுண்ணு சொல்லுதாவளே” என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்ல வேண்டும். லேஸ் பின்னுபவள் மடிக்கு முன்னால் ஓர் உருண்டைத் தலையணை இருக்கும். அதன்மேல் துளையிட்ட மாதிரி அட்டை. துளைகளில் பித்தளைக் குண்டூசிகள். நூல் சுற்றிய மரக்குச்சிகள் நாற்பது, ஐம்பது, பெரிய வேலையானால் நூறுகூடத் தொங்கும். அவற்றை ஜோடி ஜோடியாக எடுத்துக் குறுக்கே போட்டு, திருப்பி, ஊசி குத்தி, மறுபடி குறுக்கே போடுவார்கள். பதினெட்டுப் பேர் இப்படி உட்கார்ந்தால் கூடம் முழுவதும் ஓட்டில் மழை தொடங்கியதுபோல் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கை போகிற வேகத்தில் வாயும் போனால் எண்ணிக்கை தவறும். அதனால்தான் கூடத்தை நடத்திய வெள்ளைக்கார மதாம்மா ஒரு வாசிப்புக்காரியை வைத்தார். எல்லாரும் கதை கேட்டால் யாரும் கதை பேசமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

பயிற்சி பத்து நாள். தந்தவர் மேற்பார்வையாளர் நேசம்மாள் டீச்சர். “நடிக்காதே. சிரிக்காதே. முக்கியமாக அழாதே. நீ அழுதால் அவர்களும் அழுவார்கள். கண்ணீர் பட்ட நூல் மஞ்சளாகும்” என்றார். பத்து நாளில் ஒன்பது நாள் அழாமல் இருக்கத்தான் பழகினேன்.

நேசம்மாள் டீச்சரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாகர்கோவில்காரர். ஒல்லியான உடம்பு. இடுப்பில் கறுப்பு நாடாவில் ஒரு கத்தரிக்கோல் தொங்கும். யாரையும் திட்டியதே கிடையாது. ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்பார். முதல் முறை எல்லாருக்கும் கேட்கும்படி, இரண்டாம் முறை நமக்கு மட்டும் கேட்கும்படி. அந்த இரண்டாவதுதான் பயம். பின்னலில் பிழை கண்டால் ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலை அவிழ்த்துத் தலையணைமேல் வைத்துவிட்டு நடந்துவிடுவார். பின்னியவள் தானே பிழையைத் தேட வேண்டும். தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. கண்ணுக்குத் தெரிகிற கோணல் ஓரிடத்தில் இருக்கும். தவறாகப் போட்ட குறுக்கு அதற்கு வெகுமுன்னால் இருக்கும். ஆகவே கோணலில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். முதல் தவறு கிடைக்கிறவரை நிறுத்தக்கூடாது.

இனிக் கனகசபேசன். அவன் ஒரு நாவலின் கதாநாயகன். மதாம்மா யாரிடமோ வாங்கி வந்த பழைய புத்தகம் அது. அட்டையும் முதல் தாளும் கிழிந்து போயிருந்தன. நாவலின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. முப்பத்தோரு அத்தியாயம். கனகசபேசன் தாசில்தார் மகன். சாரதாம்பாள் என்ற பெண்ணை விரும்புகிறான். அவளுடைய தகப்பனார் ஒரு பொய்யை நம்பி அவளை வேறு ஒருவனுக்குக் கட்டிக் கொடுக்கத் துணிகிறார். அது பொய் என்று காட்டும் கடிதம் கனகசபேசன் கையில் கிடைக்கிறது. முகூர்த்தத்துக்கு முன் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நடுவில் ஆறு. ஆற்றில் வெள்ளம்.

கூடத்தில் எல்லாருக்கும் அவன்மேல் ஓர் இது. மூன்றாம் அத்தியாயத்தில் அவன் அதே ஆற்றில் குதித்து ஒரு குழந்தையைக் காப்பாற்றிய அன்று, பொன்னம்மை நூற்றிரண்டு குச்சிகளையும் கீழே வைத்துவிட்டு, “ஆம்பிளைண்ணா இவனாக்கும்” என்றாள். அவள் புருஷன் குளத்தில் குளிக்கக்கூடக் கயிறு பிடித்து இறங்குபவன் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பொன்னம்மைதான் கூடத்தில் முதல் கை. அப்போது சீமைக்குப் போகவேண்டிய ஒரு கல்யாண முக்காடு பின்னிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வரும் ரோஜாக்கொத்து பொன்னம்மையிடம். அதை வேறு ஒருத்தியால் தொட முடியாது.

ஒரு புதன்கிழமை கடைசி அத்தியாயம் வாசித்தேன். கனகசபேசன் வெள்ளத்தில் குதித்தான். ‘சுழன்று சுழன்று வலப்புறமே சென்றான்’ என்று எழுதியிருந்தது. பிறகு மூழ்கினான். விடிந்தபோது கடிதத்தோடு கரை ஒதுங்கினான். சாரதாம்பாளுக்குத் தாலி கட்டியாகிவிட்டது. முற்றும். நான் அழவில்லை. புத்தகத்தை மூடி நிமிர்ந்தேன். ஓட்டு மழைச் சத்தம் நின்றிருந்தது.

“பின்ன?” என்றாள் பொன்னம்மை.

“அவ்வளவுதான் எக்கா. முடிஞ்சுது.”

“முடிஞ்சுதுண்ணு நீ சொன்னா ஆச்சா? குழந்தையத் தூக்கிட்டு நீந்தினவன், வெறும் கடிதாசியத் தூக்கிட்டு முங்கிச் சாவானா? இதுல ஏதோ இருக்கு. அது தெரியாம எனக்குக் கை ஓடாது.”

நாங்கள் அதைச் சாதாரணப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டோம். வியாழக்கிழமை காலை பொன்னம்மை தலைக்கு எண்ணெய் வைக்காமல் வந்து உட்கார்ந்தாள். தங்கப்பழம் என்ற இன்னொருத்தி, மண்டைக்காட்டுப் பக்கம் வாக்கப்பட்டவள், ஒரு தூக்குச்சட்டி நிறையக் கடுங்காப்பி கொண்டு வந்து சாவு வீட்டில் கொடுப்பதுபோல் எல்லாருக்கும் ஊற்றினாள். குச்சிகளை எடுப்பார்கள், இரண்டு குறுக்குப் போடுவார்கள், வைத்துவிடுவார்கள். யாரும் வேலை செய்ய மறுக்கவில்லை. கேட்டால் கை ஓடவில்லை என்பார்கள்.

இதிலே ஓர் ஆபத்து இருந்தது. வேலை நின்றால் ஊசிகள் நூலில் நிற்கும். ஈரக்காற்றில் பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்கும். எட்டு நாளுக்குமேல் அசையாமல் நின்ற ஊசி நூலில் பச்சைப் பொட்டு வைத்துவிடும். அதைத் துவைத்தாலும் எடுக்க முடியாது. யாரோ ஒரு சீமைப் பெண் பச்சைப் புள்ளி விழுந்த முக்காட்டோடு வேதக்கோவிலுக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

மதாம்மா வந்து பார்த்தார். நேசம்மாள் டீச்சரிடம் சொன்னதை டீச்சர் எனக்குச் சொன்னார். “அடுத்த புதனுக்குள் ரோஜா நகர வேண்டும். நகராவிட்டால் வாசிப்பு கிடையாது. புத்தக அலமாரியைப் பூட்டிவிடுவார்கள். உன் வேலையும் கிடையாது.” பிறகு அதையே மெதுவாக மறுபடி சொன்னார். “உன் வேலையும் கிடையாது, ஞானப்பூ.”

என் வீட்டில் ஐந்து பனையும் ஒரு வாசிப்புக்காரியும்தான் சொத்து. திரும்பிப் போய் அம்மாவோடு அடுப்படியில் நிற்பது எனக்குக் கேவலமில்லை. செல்லத்தாய் அத்தை முகத்தைப் பார்ப்பதுதான் கேவலம்.

நேசம்மாள் டீச்சர் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். “கனகசபேசன் செத்தது கோணல். கோணல் கண்ணுக்குத் தெரிகிறது. தவறு எங்கே என்று தெரியவில்லை. நாம் இங்கே என்ன செய்வோம்?”

“பின்னோக்கிப் பிரிப்போம்” என்றார்கள் பதினெட்டுப் பேரும்.

அப்படியாக, முப்பத்தோராம் அத்தியாயத்திலிருந்து பின்னோக்கி வாசிக்க உத்தரவாயிற்று. செத்தவன் முதலில் கரை ஒதுங்குவான், பிறகு மூழ்குவான், பிறகு கரையில் உலர்ந்த சட்டையோடு நிற்பான். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும், “இங்கே தவறு உண்டா?” என்று டீச்சர் கேட்பார். இரண்டாம் முறை மெதுவாகக் கேட்பார். சொல்ல இருப்பவர்கள் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் முப்பதும் இருபத்தொன்பதும் முடிந்தன. முப்பதில் கனகசபேசன் ஆற்றங்கரைக்கு வருகிறான். தோணி அக்கரையில் கிடக்கிறது. இருபத்தொன்பதில் சாரதாம்பாள் மணவறையில் கண்ணீர் விடுகிறாள்.

தங்கப்பழம் கையைத் தூக்கினாள். “இவ எதுக்கு அங்க இருந்து கரையுதா? முகூர்த்த நேரத்துல வயித்துவலிண்ணு பாயில சுருண்டு கெடந்தா தீர்ந்துதில்லா? எனக்க மைனி அப்படித்தான் ரெண்டு மாப்பிள்ளைய ஓட்டினா. மூணாமத்தவன் வைத்தியனாப் போயிட்டான், அதுனாலதான் மாட்டிக்கிட்டா.”

“குறித்துக்கொள்” என்றார் டீச்சர். நான் எழுதினேன்: வயிற்றுவலி.

“அந்தக் கடிதாசிய ஒரு நகல் எடுத்து வேற ஆளுட்டயும் குடுத்து விட்டிருக்கப்பிடாதா? நம்ம பதிவுக் கச்சேரியில ஒரு ஆதாரத்துக்கு மூணு நகல் கேக்கானுவளே” என்றாள் இன்னொருத்தி. நான் எழுதினேன்: நகல்.

“தோணி அக்கரையில கெடந்தா இக்கரையில இருந்து கூவப்பிடாதா? நாக்கு உண்டுமில்லா அவனுக்கு?” என்றாள் மூன்றாமவள். எழுதினேன்: நாக்கு.

எல்லாம் நல்ல கருத்துகள். ஒன்றிலும் பொன்னம்மைக்குத் திருப்தி இல்லை. “நீங்க சொல்லதெல்லாம் அவன் வேற வழியில போயிருக்கலாம் எண்ணாக்கும். நான் கேக்கது, போன வழியில அவன் ஏன் முங்கினான்? நீந்தத் தெரிஞ்சவன் ஏன் முங்கினான்?”

 டீச்சர் யோசித்துவிட்டு, “வெள்ளம் தெரிந்த ஒருவரைக் கேட்க வேண்டும்” என்றார்.

சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. மதியம் டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, பொன்னம்மையும் தங்கப்பழமும் நானும், வேறு நாலு பேரும் தேங்காய்ப்பட்டணத்துக்கு நடந்தோம். புத்தகம் என் கையில், துண்டில் பொதிந்து. வழியில் கண்டவர்களெல்லாம் எங்கே சாவு என்று கேட்டார்கள். ஆற்றில் என்று தங்கப்பழம் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டு பேர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கூடவே புறப்பட்டுவிட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பப் பெரும்பாடு பட்டோம்.

ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குக் கொஞ்சம் மேலே தோணி கடத்துகிற மைதீன் பாவா என்பவர் இருந்தார். நாற்பது வருஷமாக அந்த ஆற்றில் ஆள் ஏற்றி இறக்குபவர். தோணியைக் கட்டிவிட்டு கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் விஷயத்தைச் சொன்னார்.

“ஆளு எந்த ஊரு?” என்று கேட்டார் அவர்.

“ஊர் எதுவும் இல்லை. கதையில் வருகிற ஆள்” என்றார் டீச்சர்.

மைதீன் பாவா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வலையைக் கீழே வைத்தார். “கதையில உள்ள ஆளோ, கச்சோடம் யாவாரம்ணு போற ஆளோ, அது வெள்ளத்துக்குத் தெரியுமா? வெள்ளத்துக்கு எல்லாம் ஒண்ணுதான். எந்த மாசம்?”

புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். ஐப்பசி.

“கடலு ஏத்தமா, வத்தமா?”

அதை எழுதியவர் எழுதவில்லை. மைதீன் பாவா முகத்தைச் சுளித்தார். “வத்தமா ஏத்தமாண்ணு சொல்லாம ஒருத்தன ஆத்துல எறக்கினவன் நல்ல மனுசன் இல்ல. சரி, குதிச்ச எடத்த வாசி, மோளே.”

வாசித்தேன். ‘சுழன்று சுழன்று வலப்புறமே சென்றான்.’

“நிறுத்து. வலத்தோட்டா? ஒருக்கா கூடி வாசி.”

மறுபடி வாசித்தேன். அவர் எழுந்து நின்று, காற்றில் இடக்கையை மட்டும் வீசி நீந்திக் காட்டினார். வலக்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார். மணலில் அவர் வலப்பக்கமாகவே வட்டமடித்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. எட்டுப் பேரும் பார்த்தோம்.

“கண்டியளா? எடக்க மட்டும் வலிச்சா ஆளு வலத்தோட்டுதான் திரியும். அவனுக்கு வலக்க வேல செய்யல்ல. ஒண்ணு முறிவு, இல்லேண்ணா பெரிய அடி. இது வெள்ளத்துல பட்டதில்ல, குதிக்கதுக்கு முந்தி, நேரத்தே உள்ளது. இப்படித் திரிஞ்சான்னு எழுதத் தெரிஞ்சவன் எப்படி அடிபட்டான்னும் எழுதியிருப்பான்.” அவர் என்னைப் பார்த்தார். “வாசிச்ச பிள்ளைக்குத் தெரியும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை” என்றேன்.

நேசம்மாள் டீச்சர் கேட்டார். “எழுதியிருக்கவில்லையா?” பிறகு மெதுவாக: “எழுதியிருக்கவில்லையா, ஞானப்பூ?”

“இல்லை” என்றேன்.

அப்போது எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் வாசிக்காமல் விட்ட இரண்டு பக்கம் நினைவுக்கு வந்தது. கூடத்தில் ஒரு விதி உண்டு. ரோஜாவின் மூலை திரும்பும்போது பொன்னம்மை சத்தமாக எண்ணுவாள். அவள் எண்ணி முடிக்கும்வரை வாசிப்பு நிற்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம், மணி அடிப்பதற்குள். இரண்டு விதிகளும் தனித்தனியே நல்லவை. இருபத்தேழாம் அத்தியாயம் வாசித்த அன்று பொன்னம்மை நாலு தரம் எண்ணினாள். மணியடிக்க நேரமாயிற்று. அதுவரை ஒருநாள்கூடப் பத்தாம் பக்கம் மறுநாளைக்குப் போனதில்லை என்பது என் கர்வம். நான் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டி இரண்டு பக்கத்தை விட்டேன். ‘கள்ளர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டனர்’ என்று ஒரு பக்கம் முடிந்தது. ‘கனகசபேசன் இடக்கையால் கடிவாளத்தைப் பற்றிக் குதிரையைத் தட்டிவிட்டான்’ என்று நான் அடுத்து வாசித்தேன். கள்ளர்களை அவன் துவைத்துப் போட்டுவிட்டான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைத்தேன். இடக்கையால் கடிவாளம் பிடிப்பது பெரிய இடத்து வழக்கம் என்று தங்கப்பழம் மற்றவர்களுக்கு விளக்கமும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவிலுக்குப் பின்னால் அயனி மரத்தடியில் உட்கார்ந்து அந்த இரண்டு பக்கங்களை வாசித்தேன். கள்ளர் தலைவன் கம்பால் அடித்ததில் கனகசபேசனின் வலத்தோள் முறிந்தது. வைத்தியர் கட்டுப் போட்டுவிட்டு, இந்தக் கையோடு தண்ணீரில் இறங்கினால் பிழைக்க மாட்டாய் என்று சொன்னார். கூடவே வந்த நண்பன், கடிதத்தை என்னிடம் கொடு, நான் கொண்டுபோகிறேன் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டான். அதற்குக் கனகசபேசன் சொன்ன பதில்: என் கையால் கொடுத்தால்தான் அது என் காதல்.

அதை வாசித்ததும் எனக்கு அவன்மேல் இருந்த இரக்கம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி என்மேல் திரும்பியது. திங்கள்கிழமை இருபத்தெட்டு முடிந்தால் அடுத்தது இருபத்தேழு. அதையும் புரட்டிவிடலாம். ஏற்கெனவே ஒரு தரம் புரட்டியவளுக்கு அது பெரிய காரியமில்லை. அப்படிச் செய்தால் பதில் கிடைக்காது, ரோஜா நகராது, புதன்கிழமை வேலை போகும். சொன்னால், பொய் சொன்னவள் என்று அன்றைக்கே போகும். இரண்டு பக்கமும் தோணி அக்கரையில்தான் கிடந்தது.

திங்கள்கிழமை இருபத்தேழு தொடங்கினேன். கள்ளர்கள் சூழ்ந்துகொண்டனர். தாளைப் புரட்டும் இடம் வந்தது. ஒரு தாளை மட்டும் புரட்டி, தோள் முறிவையும் வைத்தியரையும் நண்பனையும் குரல் மாறாமல் வாசித்து முடித்தேன். பிறகு எழுந்து நின்று, “இது நான் அன்றைக்கு விட்ட பக்கம். மணியடிக்கப் போகிறதென்று விட்டேன். சனிக்கிழமை ஆற்றங்கரையில் பொய் சொன்னேன்” என்றேன்.

நேசம்மாள் டீச்சர் இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை அவிழ்த்தார். நடந்து வந்து, திறந்திருந்த புத்தகத்தின்மேல் வைத்தார். வழக்கப்படி திரும்பி நடந்தார். பாதி வழியில் நின்று, “தவறு கிடைத்துவிட்டது” என்றார்.

 பொன்னம்மை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் கை பெரிய கை.

“ஏட்டி” என்றாள். “அப்பம் இந்த ரெண்டு பக்கத்த நீ விட்டிருக்க.”

“விட்டேன் எக்கா.”

“விட்டது ஒருத்தருக்கும் தெரியல்ல.”

“தெரியல.”

“அவனுக்குத் தோள் முறிஞ்சது நமக்குத் தெரியாததுனால, அன்னைக்கு முழுக்க அவன் நல்ல கையோடதான் இருந்தான். குதிரையில போனான். நாம சந்தோசமா இருந்தோம். இல்லியா?”

“ஆமா.”

“இத்தற சுளுவா ரெண்டு பக்கத்த விடத் தெரிஞ்சவ, கடைசியில அந்த ஒரு பக்கத்தயும் சேத்து விட்டிருக்கப்பிடாதா?”

 ஏழாம் வகுப்பில் இதற்குப் பதில் கற்றுத் தரவில்லை. “எழுதினதை நான் எப்படி எக்கா மாத்துவேன்?” என்றேன்.

“ஆரு மாத்தச் சொன்னா? விட்டாப் போதும். உனக்குப் பழக்கம் உள்ள வேலதானே. ஆத்தங்கரையில வந்து நிக்கான், மணியடிச்சுது, முடிஞ்சுது. நாங்க வீட்டுக்குப் போய் அவன் அக்கரையில ஏறியிருப்பான்னு நெனச்சுட்டுக் கெடப்போம். விடப்பிடாத எடத்துல விட்டா, விட வேண்டிய எடத்துல வாசிச்சா. படிச்ச பிள்ளையாம்.”

முதலில் தங்கப்பழம்தான் சிரித்தாள். அவள் சிரித்தால் தலையணை குலுங்கும், குச்சிகள் ஒன்றோடொன்று இடிக்கும். அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்தில் இருந்தவளுடைய கை தானாகக் குச்சிக்குப் போனது. யாரோ கனகசபேசனின் அந்தப் பதிலைக் குரல் கனக்கச் சொல்லிக் காட்டினார்கள்: “எனக்க கையால குடுத்தாத்தான்.” “எந்தக் கையால? ஒடிஞ்ச கையாலயா?” என்றாள் இன்னொருத்தி. பொன்னம்மை மூக்கை உறிஞ்சிவிட்டு, “இப்படி ஒரு பிடிவாதக்காரனுக்காக அஞ்சு நாளு எண்ணெய் வைக்காம இருந்தேனே” என்று சொல்லி, முதல் ஜோடியை எடுத்துக் குறுக்கே போட்டாள். ஓட்டு மழை மறுபடி தொடங்கியது. ஊசிகளில் களிம்பு ஏறியிருக்கவில்லை.

அன்று மாலை டீச்சர் மதாம்மாவுக்கு எழுதிய சீட்டை நான்தான் பிரதி எடுத்தேன். இவ்வளவுதான் இருந்தது: ‘வேலை தொடங்கிற்று. இறந்தவர் யார் பேச்சையும் கேட்காதவர் என்று விசாரணையில் தெரிந்தது. வாசிப்பு தொடரலாம்.’ என் பெயர் எங்கும் இல்லை. சீட்டை மடிக்கும்போது அவர் கேட்டார். “இனிமேல் விடுவாயா?” பிறகு மெதுவாக, “இனிமேல் விடுவாயா?” முதல் கேள்விக்கு இல்லை என்று சொன்னேன். இரண்டாவதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார் என்பது எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

ஆகவே அந்த இரண்டு பெண்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான். கனகசபேசன் பிழைத்திருக்கலாம். வைத்தியர் பேச்சைக் கேட்டிருந்தால், நண்பனிடம் கொடுத்திருந்தால், சாரதாம்பாளுக்கு வயிற்றுவலி வந்திருந்தால், எழுதியவர் தோணியை இக்கரையில் கட்டியிருந்தால். இவர்களில் ஒருவரும் என் கைக்குள் இருந்தவர்கள் இல்லை. என் கைக்குள் இருந்தது அந்தக் கடைசித் தாள் ஒன்று. அதை நான் ஒழுங்காக வாசித்தேன்.

அதன்பிறகு கூடத்தில் ஒரு வரிகூட விட்டதில்லை. ஒன்பது கதாநாயகர்கள் என் வாயால் செத்தார்கள். ஒருவன் நஞ்சு குடித்தான். ஒருவனைப் பாம்பு கடித்தது. ஒருவன் எந்தக் காரணமும் சொல்லாமல் இமயமலைக்குப் போய்விட்டான். அவனையும் செத்த கணக்கில்தான் சேர்த்தார்கள். அந்தந்த நேரத்தில் பொன்னம்மை நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நான் பார்க்காததுபோல் வாசித்துவிடுவேன். மறுநாள் காலையில் கோணல் பின்னல் குறைந்தது மூன்று தலையணைகளில் இருக்கும். டீச்சரின் கத்தரிக்கோல் அன்று இடுப்பில் தங்காது.

ஓய்வு பெற்ற மறுவாரம் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் எஸ்டேட்டிலிருந்து கடிதம் வந்தது. ஷீட் தரம் பிரிக்கும் கொட்டகையில் நாற்பது பெண்கள் இருக்கிறார்களாம். பேச்சு அதிகமாம். வாசிக்க ஆள் வேண்டுமாம். கிராமபோன் மலை ஈரத்தில் கெட்டுவிட்டதாம். வருகிறேன், ஒரு நிபந்தனை என்று எழுதினேன்: கதாநாயகன் இறந்தால் மறுநாள் கொட்டகைக்குச் சம்பளத்தோடு விடுமுறை.

எஸ்டேட் கிளார்க் உடனே பதில் போட்டிருந்தார். துரை நிபந்தனையை ஒப்புக்கொண்டாராம். ஆனால் வருஷத்துக்கு ஏறக்குறைய எத்தனை பேர் இறப்பார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் வேண்டுமாம்.

மூன்று பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நேற்றுக் காலை தபாலில் சேர்த்துவிட்டேன். நாலாமவனுடைய கடைசிப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.